பின்பக்கத்துக்கு ஒரு வெள்ளோட்டம்

மார்ச் 3, செவ்வாய்
முடிவெடுத்துவிட்டேன். பின்பக்கத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன் — நாற்பது வயது முடிவதற்குள். இதோ எழுதியும் விட்டேன். பதினெட்டு வருஷமாக ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறேன். எனக்கு மட்டும் எந்தப் பேண்ட்டும் பின்னால் தொளதொளவென்று தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'பலகை'. அந்தப் பெயர் இன்னும் என்னோடுதான் குடித்தனம் நடத்துகிறது.

மார்ச் 5
வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், எதிலும் என்ன கோளாறு வரும் என்றுதான் முதலில் பார்ப்பார்.
"இப்ப இருக்கறதுக்கு என்ன குறைச்சல்?"
"குறைச்சல்தான் குறைச்சல்!"
சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "பயமா இருக்கும்மா" என்றார்.

மார்ச் 9
தங்கையிடம் சொன்னது தப்பு. அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பக்கத்துக் கடை பியூட்டி பார்லர்காரி, "ரெண்டே ஊசி, சாப்பாட்டு நேரத்துல முடிஞ்சிடும்" என்றதையும் உளறிவிட்டேன். வந்ததே கோபம்!
"ஊசில என்ன இருக்குன்னு அவளுக்கே தெரியாதுக்கா. அத போட்டுக்கிட்டவங்க கட்டி கட்டியா வீங்கி வந்து படுத்திருக்காங்க. நான்தான் கட்டு மாத்துறேன். நீ போட்டுக்கிட்டா, உன் முகத்துல முழிக்க மாட்டேன்!"
ஊசி வேண்டாம், முறையான டாக்டரிடமே போகிறேன் என்றேன். அதற்கும் கோபம். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 13
டாக்டர் அம்மா மழுப்பவே இல்லை. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துப் பின்னால் வைப்பார்களாம். (என் வயிறு முதல் தடவையாக உபயோகப்படப் போகிறது.) அதில் கொஞ்சம் கரைந்தும் போகுமாம். சுருங்குகிற துணிக்கு அளவு கூட்டி வெட்டுகிறோமே, அதே கதைதான்.
பிறகு சொன்னார்: "கொழுப்பு, தசைக்குள்ள இருக்கற பெரிய ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா நுரையீரல அடைச்சிடும். உயிரே போகலாம். அதனால தசைக்கு மேலேயே, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே வைப்பேன். ஆபத்து குறையும். இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன்."
அப்புறம் சில வாரம் உட்காரவே கூடாதாம். தையல்காரி உட்காராமல்?
"முதல்ல ஒரு ட்ரையல் பார்க்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். தொழில் புத்தி! விழுந்து விழுந்து சிரித்தார். ஏப்ரல் பத்தாம் தேதி கொடுத்திருக்கிறார்.

மார்ச் 15
ஏன் முடியாது? நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் மலிவுத் துணியில் தைத்துப் பார்ப்பதுதானே என் வழக்கம்? ஸ்பாஞ்ச் வாங்கி, டாக்டர் சொன்ன அளவுக்கு வெட்டி, உள்ளாடையில் வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் வீட்டைப் பார்க்கிறது, மறுபக்கம் வீதியைப் பார்க்கிறது. இரண்டு துண்டையும் இடப்பக்கத்துக்கே வெட்டியிருக்கிறேன்! தொழில் பழக வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பாஞ்சை வேறு வெட்டிக்கொள்ளலாம். என்னை?

மார்ச் 16
சரியாக வெட்டியாயிற்று. கண்ணாடி முன்னால் அரைமணி நேரம். ஐயோ, அழகாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 22
தினமும் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். நடையே வேறு. வீட்டுக்காரர், "புதுச் செருப்பா?" என்றார்.

மார்ச் 27
தங்கையிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. யாருக்கு வீம்பு அதிகம்?

ஏப்ரல் 2
நாடகக் குழுவுக்குப் பதினோரு உடுப்பு இன்று கொடுக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து வெட்டு, தை, ஓடு. ராணி வேஷக்காரி உடுப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே குதித்தாள், நானும் கூடச் சேர்ந்து குதித்தேன்.
வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் கொடியைக் காட்டி, "காலைலேர்ந்து காயுதே, என்ன அது, தலகாணியா?" என்கிறார்.
துவைத்துப் போட்டுவிட்டு மறந்தே போயிருக்கிறேன்! நாள் முழுக்கப் பலகையாகவே இருந்திருக்கிறேன், ஒரு தடவைகூட நினைப்பு வரவில்லை. அது இருந்தால் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இல்லாமலும் இவ்வளவு சந்தோஷமாக இருந்தேனே — இதற்கா உயிரைப் பணயம் வைப்பது?

ஏப்ரல் 4
டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. "நல்லதும்மா. மனசு மாறினா வாங்க" என்றார்.
வீம்பை விட்டுத் தங்கைக்கும் போன் செய்து சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், மூக்கை உறிஞ்சுகிறாள்.
"மாமாகிட்ட எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, பத்தாம் தேதி லீவு போட்டிருந்தேன்க்கா. தியேட்டருக்குள்ள உன் பக்கத்துலயே நிக்கறேன்னு அந்த டாக்டர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி சம்மதம் வாங்கி வெச்சிருந்தேன்."
நாலு வாரமாக என்னோடு பேசாதவள்!
"லீவ ரத்து பண்ணாதடி," என்றேன். "வீட்டுக்கு வா."