கட்டை கட்டிய நாய்

அகரம்,
14.6.2005

அன்பு மகன் ஈஸ்வரனுக்கு அம்மா சுந்தரம்மாள் எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிவைத்த நாய் ரூபியும் இப்போது நலம், ஆனால் அதற்கு நீயும் காரணமில்லை, நாங்களும் காரணமில்லை. போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கடைசி வரி வரைக்கும் படி.

ரூபியை ஆடு மேய்க்கிற மூக்கையாவிடம் விடக்கூடாது, கட்டியே வைக்க வேண்டும், அடுத்த மாதம் நீ வந்து கூட்டிப் போய் ஜோடி சேர்த்து, குட்டி போட்டால் மேனேஜருக்கு ஒன்று கொடுக்கப்போகிறாய் என்று அப்பா சொன்னார். கேட்டதும் பேனாவை எடுத்துவிட்டேன். ஆடு மேய்க்கப் பிறந்த நாயை, அழகாக இருக்கிறது என்று வாங்கி, பத்து மாதம் மாடி பால்கனியில் அடைத்தாய். குரைக்கிறது என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்ததும் காய்கறி லாரியில் ஏற்றி எங்கள் தலையில் கட்டினாய். கூடவே ஷாம்பு, சீப்பு, ஒரு சில்வர் தட்டு. வெயில் காலத்தில் முடியை ஒட்ட வெட்டுங்கள் என்று ஒரு சீட்டு வேறு. வெட்டினோம், வெயில் பட்டு முதுகுத் தோல் வெந்துபோயிற்று. அந்த அடர்ந்த முடிதான் குளிரையும் வெயிலையும் தாங்கும், சீவிவிட வேண்டுமே தவிர வெட்டக் கூடாது என்று கால்நடை டாக்டர் என்னைத் திட்டினார். உன்னைத் திட்டியிருக்க வேண்டும்.

நாங்கள் செய்தது அதைவிடக் கேவலம். வந்த மறுநாளே அது நம் ஆடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடியது. தரையோடு பதுங்கி, கண் கொட்டாமல் முறைத்துக்கொண்டு படுத்தது. அப்பா பார்த்துவிட்டு, அடியே, ஆட்டைக் கடிக்கிற நாயால்ல இருக்கு இது என்றார். ஆட்டை விரட்டும் நாய்க்கு நம் பக்கம் செய்வதையே செய்தார். கருவேலங்கட்டை ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டார், ஓடினால் முன்னங்காலில் இடிக்கும்படி. கட்டும்போது தலையைப் பிடித்துக்கொண்டவள் நான். அது என் கையை நக்கியது. நம்மூர் நாய் என்றால் இரண்டு இடி வாங்கியதும் படுத்துவிடும். இது இடிக்க இடிக்க ஓடியது. இருபது நாளில் இரண்டு காலும் புண்ணாகி, ஒன்றில் புழு வைத்துவிட்டது. அப்போதும் ஆட்டுக் குரல் கேட்டால் எழுந்துவிடும்.

நம் ஆடுகளை மேய்க்கிற மூக்கையாதான் ஒருநாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தாயி, இது கடிக்கப் போகல, கூட்டத்தான் போகுது, கடிக்கிற நாயி இம்புட்டு நேரம் மொறச்சுக்கிட்டுப் படுத்திருக்குமா, வெலகுற ஆட்டை மட்டும்தான் மறிக்குது பாருங்க என்றார். நான் பதில் சொல்வதற்குள் அரிவாளால் கயிற்றை அறுத்துவிட்டார். பிறகு டாக்டரிடம் கேட்டேன். குளிர்நாட்டு மலையில் ஒரே ஆள் நூற்றுக்கணக்கான ஆடுகளைத் திருப்ப உதவுகிற இனமாம், வேலை இல்லாவிட்டால் தன்னையே கடித்துக்கொள்ளுமாம். நம் கிடை நாய்கள் நரிக்கும் திருடனுக்கும் குரைக்கும், ஆட்டைத் திருப்பாது. அதனால் நமக்குத் தெரியவில்லை. தெரியாததற்கெல்லாம் கட்டைதான் கட்டுவோம்.

புழுவை எடுத்து வேப்பெண்ணெய் போட்டது மூக்கையா, காதுக்குள் இருந்த உண்ணியைப் பொறுக்கியது அவர் பெண்சாதி பேச்சாயி. இப்போது காலையில் முப்பது ஆடுகளோடு போகிறது, சாயங்காலம் ஒன்று குறையாமல் திருப்பிக்கொண்டு வருகிறது. நான் நாளெல்லாம் கத்துறத இது வாயத் தொறக்காமச் செஞ்சிருது தாயி, எனக்கு வேலை போயிரும்போல என்று அவர் சிரிக்கிறார். வந்ததும் சோறும் முட்டையும் தின்றுவிட்டு அவர் பின்னாலேயே காலனிக்குப் போய் அவர் வீட்டு வாசலில் படுத்துக்கொள்கிறது.

வந்தது வினை. உன் அத்தை ஒச்சம்மாள் வந்தவள், அங்ஙன கஞ்சி குடிச்ச நாயைக் குளிப்பாட்டாம வாசப்படி ஏத்தாதே என்றாள். அப்பா உடனே எழுந்து இரண்டு வாளித் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்த மூக்கையா அதைப் பார்த்தார், படலைச் சாத்திக் கட்டிவிட்டுப் போனார். அவருடைய காப்பித் தம்ளர் தாழ்வாரக் கூரையில் செருகியிருக்கிறது. அவரே எடுப்பார், அவரே கழுவுவார், நான் உயரத் தூக்கி ஊற்றுவேன். அதன் கீழே நாயின் சில்வர் தட்டு, அதைத் தினமும் என் கையால் தேய்க்கிறேன். இருபத்தாறு வருஷமாக ஊற்றிய கை இது. அன்றைக்குத்தான் என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. படித்த பிள்ளை நீயாவது வேறு மாதிரி இருப்பாய் என்று நினைத்தேன். நீ போனில் அப்பாவிடம், அங்கெல்லாம் விட்டால் கண்டதையும் பழகிவிடும் என்றாயாம். என்ன பழகிவிடும்? புண்ணுக்கு மருந்து போடவா?

நேற்று அந்தத் தம்ளரைக் கூரையிலிருந்து நானே எடுத்து நசுக்கி எறிந்தேன். மூக்கையாவுக்கு அப்பாவின் தம்ளரில் காப்பி கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கினார், பாதியை மண்ணில் சிந்திவிட்டார். அப்பா என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். ரூபியை மூக்கையாவுக்கே கொடுத்துவிட்டேன். நீ கூட்டிப் போக வர வேண்டாம், என்னைப் பார்க்க வா. வந்தால் அவர் வீட்டுக்குப் போய், பேச்சாயி கொடுப்பதைக் குடித்துவிட்டு, அதற்குப் பிறகு நாயைத் தொடு.

கோபத்தில் எழுதினாலும் நீ என் பிள்ளை. நீண்ட ஆயுளோடும் கொஞ்சம் கூச்சத்தோடும் இரு அப்பு. வெறிநாய்த் தடுப்பூசி அடுத்த மாதம் போட வேண்டும், அட்டை உன்னிடம்தான் இருக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயரை அடித்துவிட்டு, மூக்கையா, அகரம் என்று உன் கையாலேயே எழுதித் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு
உன் அம்மா
ம. சுந்தரம்மாள்