கேட்கப் பயந்த கேள்வி

இன்று காலை ஆலைப் பக்கமிருந்து பாகு வாசனை வந்தது, அக்கா. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. என் கணவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டதும் இந்த வாசனை வீசிய நாள்களில்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன் புயல் எங்கள் வீட்டையும் அவர் நட்ட கரும்பையும் சாய்த்திருந்தது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டதைக் கவனித்தேன். கேட்டால் அந்த எண்ணத்தை நானே ஊட்டியதாகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

சாவுக்கு வந்தவர்கள் மூன்றாம் நாளோடு நின்றுவிட்டார்கள். நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சு அடங்கும். நீங்கள் மட்டும் வயல் வேலை முடிந்து, காலில் சேறு காயுமுன்பே தினமும் வந்தீர்கள். நம் தீவுப் பேச்சில், “கி பு தீர், தங்கச்சி? என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. சும்மா உட்கார்றேன்” என்றீர்கள். ஊரார் அவரைப் பாவி என்றபோது, “காய்ச்சல்ல செத்தவன் பாவியா? மனசுக்கும் காய்ச்சல் வரும்” என்று கோயில் வாசலில் நின்று சொன்னீர்கள்.

பிறகு இருவருமாக அப்படி உயிரை விட்டவர்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினோம். பெல் ஒம்ப்ர் ஊரில் மகனைப் பறிகொடுத்த வீராசாமி அண்ணனிடம் நீங்கள் நேராகவே கேட்டீர்கள்: “அண்ணே, செத்துப்போகணும்னு தோணுதா?”

நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வெகுநேரம் அழுதுவிட்டு, “வீ, ஆமா, தோணுது” என்றார்.

அன்றிலிருந்து ஏழு வீட்டார் முறைபோட்டு அவருடன் இருந்தோம். டாக்டரிடமும் அழைத்துப்போனோம். நான்கு மாதம் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், ஒருமுறை சிரிக்கவும் செய்தார். ஐந்தாம் மாதம், என் முறையன்று, “கடைக்குப் போய்ட்டு வாம்மா” என்றார். போனேன். திரும்பியபோது அவர் உயிரோடு இல்லை.

நீங்கள் என்னைக் குறை சொல்லவில்லை. “நாலு மாசம் அவர் தனியா இல்லை, தங்கச்சி” என்றீர்கள். பிறகு, “அது போதாமப் போச்சு” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். போன வருஷம் நீங்கள் நோயில் கிடந்து கண்மூடியபோதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தவிர என்னால் எதுவும் ஆகவில்லை.

தேர்தல், தீவுக்குச் சுதந்திரம் என்று தெருவெல்லாம் பேச்சு. நான் நேற்று, கணவனை அதேபோல் இழந்த ஒரு பெண்ணின் வீட்டில் இருந்தேன். உங்கள் கேள்வியைக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் காப்பாற்ற முடியுமா என்று தெரியவில்லை, அக்கா. கேட்காமல் இருக்க மட்டும் இனி என்னால் ஆகாது. இப்போது என் தங்கை அவளோடு இருக்கிறாள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நானும் அவள் வீட்டுக்குப் போகிறேன்.