கையை மாற்றினாள்

மார்ச் 3

அந்தக் குத்துச்சண்டைப் படம் இப்போது என் மேசைக்கு வந்திருக்கிறது. அடுத்த பாகம் வெளியாகப் போகிறதாம். அதற்குள் இதற்குக் குரல் விவரிப்பு வேண்டுமாம். பார்வையற்றவர்கள் கேட்பதற்காக, வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் திரையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். அதுதான் என் பிழைப்பு.

ஏழு வருடத்துக்கு முன்னால் மகளோடு தியேட்டரில் பார்த்தது. பழைய பாகங்களை நான் அண்ணன்மாரோடு வளர்ந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். செத்துப்போன தொடர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். புதியதில் சாம்பியன் இறந்துவிட்டார். சுற்றுகளுக்கு நடுவே அவர் உட்கார முக்காலி எடுத்துப் போட்டவர் இப்போது கிழவராகி, சாம்பியனின் பேத்திக்குக் கற்றுக் கொடுக்கிறார். படம் விட்டு வரும்போது மகள் தெருவிளக்குக்கெல்லாம் குத்து விட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாள். இந்த மாதக் கடைசியில் தேசிய அணித் தேர்வு.

மார்ச் 6

இன்று அந்தக் காட்சி. எட்டாவது சுற்று முடிந்திருக்கிறது. பேத்திக்கு இடது கண் தெரியவில்லை. டாக்டர் கயிற்றுக்குள் குனிந்து வந்து, ஒரு கண்ணை மூடு, இப்போது மற்றதை மூடு என்கிறார். எத்தனை விரல் என்று கேட்க அவர் தன் கையைப் பார்க்கும் நேரத்தில் அவள் கையை மட்டும் மாற்றுகிறாள். மூடுவது அதே கண்ணை.

நான் எழுதியது: "இடது கையால் இடது கண்ணை மூடுகிறாள். கையை மாற்றுகிறாள். வலது கையாலும் இடது கண்ணையே மூடுகிறாள்."

அன்று தியேட்டரே விசிலடித்தது. நானும்தான் கை தட்டினேன். இவள் சீட் மேல் ஏறி நின்றாள். இன்று முழுக்காட்சியையும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கை தட்டுகிற காட்சியாகவே தெரியவில்லை.

மார்ச் 9

மாடிப்படியில் தடுக்கினாள். பல்பு மங்கிடுச்சும்மா என்றாள். பல்பு போன வாரம் போட்டது.

மார்ச் 10

உடல் தகுதிச் சான்றிதழைக் கொண்டு வந்து காட்டினாள். எடை, ரத்தம், இதயம், இரண்டு கண்கள் — எல்லாம் சரி. நான் ஏன் கண் என்ற வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்? வேலையை வீட்டுக்குத் தூக்கி வரக்கூடாது.

மார்ச் 12

நான் பதிவு செய்ததைக் கேட்டுத் திருத்துபவர் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். நடுவயதில் பார்வை போனவர். ஆபீஸில் அவருக்குப் பெயர் 'நீதிபதி'. அவர் தலையாட்டாமல் எதுவும் வெளியே போகாது. வழக்கம்போல வம்பிழுத்தார். "மேடம், போன படத்துல கதாநாயகன் சட்டைய மூணு தடவ கழட்டினான்னு சொன்னீங்க. ஒரு தடவதான் கழட்டினானாம், என் பொண்டாட்டி பார்த்துட்டுச் சொன்னா. உங்க ஆசையெல்லாம் விவரிப்புல வரக் கூடாது." சிரித்தேன்.

அந்தக் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னார். பிறகு, தனக்கு எப்படித் தொடங்கியது என்று சொன்னார். வலியே கிடையாதாம். ஓரத்தில் ஒரு திரை இறங்கின மாதிரி. முதலில் விளக்கு மங்குகிறது என்றுதான் நினைத்தாராம். வாடகை வீட்டு ஓனரோடு சண்டைகூடப் போட்டாராம். "அன்னைக்கே போயிருந்தா விழித்திரைய ஒட்டியிருப்பாங்க. நான் ரெண்டு மாசம் பல்பு மாத்திட்டிருந்தேன்."

மீதிப் பதிவை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை.

மார்ச் 13

சாப்பாடு முடிந்ததும் விளையாட்டு மாதிரிதான் ஆரம்பித்தேன். இடது கண்ணை மூடு, இது எத்தனை விரல்? மூணு என்றாள். சரி, இப்போ வலது கண்ணை மூடு.

வலது கையைத் தூக்கினாள். இடது கண்ணை மூடினாள்.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு."

ரெண்டுதான்.

"ஒழுங்காப் பண்ணு" என்றேன்.

"படத்துல வர்ற மாதிரி பண்ணேன்மா. நீ அதத்தானே ஒரு வாரமா எழுதிட்டிருக்க?"

மறுபடி பண்ணு என்றேன். பயிற்சிக்கு நேரமாச்சு என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விளையாடினாளா? விளையாடுகிறவள் ஏன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்? கண்ணைக் காட்டுடீ என்று கையைப் பிடித்து இழுத்திருக்கணும். நான் பாட்டுக்கு மரம் மாதிரி நின்னுட்டிருந்தேன்.

மார்ச் 15

கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். தேர்வு முடியட்டும் என்றாள். கெஞ்சினேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர். என்னை அக்கா என்பார், அவளைச் சில்லு என்பார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: இவளுக்கு இடது கண் தெரிகிறதா?

பின்னால் யாரோ கயிறு குதிக்கிற சத்தம்.

"ஒரே ஒரு சண்டக்கா. அது முடியட்டும், நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்தப் பக்கம் அடி வாங்காமத்தான் பழக்கியிருக்கேன்."

பழக்கியிருக்கிறார். அப்படியென்றால் எத்தனை நாளாக? கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பெத்தவளுக்கு மட்டும் தெரியாது.

மார்ச் 16

அணித் தேர்வின் டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போதே அவளைக் கூப்பிட்டால் வர மாட்டாள் என்றேன். எடை பார்க்கிற நாளில் கட்டாயம் வந்தாக வேண்டும், அதுவரை கையுறை மாட்ட விடாதீர்கள் என்றார். மாஸ்டரிடம் அவரே பேசிவிட்டார், வெறும் ஓட்டம் மட்டும்தான் என்று. அவளுக்குக் காரணம் சொல்லப்படவில்லை.

நான் டாக்டரம்மாவிடம் கேட்டது ஒன்றுதான். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். நீங்களே மூடுங்கள்.

மார்ச் 20

சிரித்துப் பேசுகிறாள். எனக்குப் பிடித்த ரிப்பன் நிறத்தைக் கேட்கிறாள், அன்றைக்குக் கட்டிக்கொள்ள. பச்சை என்றேன்.

மார்ச் 28

எடை பார்க்கும் இடம். தாய்மார் வெளியே பெஞ்சில். கதவு பாதி திறந்திருந்தது. அவள் முதுகும் பச்சை ரிப்பனும் தெரிந்தன.

டாக்டரம்மா எழுந்து பக்கத்தில் வந்து, தன் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை மூடினார். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்.

அவள் படிக்கவில்லை. மேல்வரியில் உள்ளங்கை அளவுக்குப் பெரிய எழுத்து.

"அம்மா வெளியிலதான் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதுவே பதிலாகிவிட்டது.

ஏப்ரல் 2

விழித்திரை பிரிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்தது. ஒட்டியிருக்கிறோம், எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். வலது கண்ணிலும் ஓரிடம் மெலிந்திருக்கிறதாம். இனி ஒரு அடியும் படக்கூடாது.

மாஸ்டர் வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை.

ஏப்ரல் 11

நீதிபதி தலையாட்டிவிட்டார். படம் போய்விட்டது. அந்தக் காட்சியில் என் குரல் கட்டியிருக்கிறது, மறுபடி பதியலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

மே 19

இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இனி அவ்வளவுதான் என்று இன்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் கூடத்துக்குப் போய் வந்தாள். சும்மா பார்க்கத்தான் போனாளாம். அதை என்னிடம் சொல்லவில்லை, போனில் யாரிடமோ சொன்னாள். அவள் வரும்போது சட்டை முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி மேசைக்கு எதிர்ப்புறம் போட்டு, நான் அவளுடைய இடது கண் பக்கம் வரும்படி திரும்பி உட்கார்ந்தாள். தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன். குரல் வந்த பக்கம் அவள் திரும்பவில்லை.