இங்கிலீஷ் புரியவில்லை என்று சொன்னேன்

புதன் இரவு, 19 ஆகஸ்ட் 1981

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் யாரிடமும் காட்டாதீர்கள், அம்மாவிடம்கூட. கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பாவின் எக்ஸ்ரே பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் நான்கு நாளாக அவருடைய மைன்ஸ் ஹெல்மெட்டுக்குள் பிரிக்காமலே கிடந்தது. இன்று ஷிப்ட் முடிந்து வந்ததும் என்னிடம் நீட்டினார். வீட்டில் எனக்கு மட்டும்தான் இங்கிலீஷ் தெரியும். நுரையீரலில் நிழல் தெரிகிறது, 24-ஆம் தேதி திங்கட்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று எழுதியிருந்தது.

"புரியலப்பா" என்றேன்.

இங்கிலீஷில் வகுப்பிலேயே நான்தான் முதல். அது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "டாக்டருங்க எழுதுறது உனக்கு எப்படிம்மா புரியும்?" என்று இருமிக்கொண்டே சிரித்தார். கேன்டீன் பன்னை முழுசாக எனக்கே கொடுத்தார். அது இன்னும் இந்த நோட்டுப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"தூங்கிட்டியாம்மா? அதுல எந்தக் கிழமைன்னு ஏதாச்சும் போட்டிருந்துச்சா?"