குழாயில் மறந்த பந்துகள்

ஹார்ஷம்,
8 ஜனவரி 1978

என் பிடிவாதக்காரக் கிழவனுக்கு,

நீ சுகமா? நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன கோடையில் தீ நம் வேலிவரை வந்து திரும்பியதிலிருந்து, வடக்கிலிருந்து அனல்காற்று அடித்தாலே வாசலுக்கு ஓடிப் புகை தெரிகிறதா என்று பார்க்கிறேன். அதனால்தான் இந்த ஜனவரிக் கோடைக்கு அக்கா பெத் வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் மேல் கோபமில்லை, வின்ஸ்.

நீயும் வந்துவிடேன். ஆடுகள் இரண்டு மாதம் உன் முகத்தைப் பார்க்காவிட்டால் அழுதுவிடாது. வரமாட்டாய் என்றால் மழைநீர்த் தொட்டியையாவது தொடாமல் வை. குடிக்கவும் அதுதான், தீ வந்தால் அணைக்கவும் அதுதான். தக்காளிச் செடிகளுக்கு ஊற்றித் தொலைக்காதே. எரிந்த போன் கம்பங்களை இன்னும் மாற்றியபாடில்லை, பேசவும் முடியாது, அதனால் கடிதமாவது ஒழுங்காகப் போடு.

பயத்தோடும் அன்போடும்,
நோரீன்

பண்ணை,
17 ஜனவரி

ஓடிப்போன மகாராணிக்கு,

சிரிக்காமல் படி. சனிக்கிழமை மேட்டுக்கு அப்பால் புகை தெரிந்தது. வழக்கம்போல் கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாய்களின் வாயில் டென்னிஸ் பந்துகளை அடைத்து, தொட்டியிலிருந்த தண்ணீரையெல்லாம் இறைத்துச் சுவர்களை நனைத்து, கூரையோரத் தகரக் கால்வாய் முழுக்க நிரப்பினேன். பறந்து வரும் நெருப்புப் பொறி அதில் விழுந்து அணையட்டும் என்றுதான். நல்லவேளை, காற்று திரும்பிவிட்டது.

நேற்று இடியோடு மழை! தொட்டி நிறைகிறது என்று கட்டிலில் படுத்துச் சீட்டியடித்தேன். இன்று காலை தொட்டியைத் தட்டினால் அடிவரை 'டொங்' என்கிறது. பந்துகளை நான் எடுக்கவே இல்லை, நோரீன். அத்தனை மழையும் தகரம் வழிந்து உன் ரோஜாப் பாத்திக்குப் போய்விட்டது. நான் அடைப்பேன், நீ ஏணியில் ஏறி எடுப்பாய், கல்யாணமான நாளிலிருந்து அதுதானே நம் வழக்கம்?

ஹார்ஷத்திலிருந்து தண்ணீர் லாரி ஓட்டி வரும் மெர்வ், "ரோஜாவாச்சும் குளிச்சுதே, விடுய்யா. ஆனா உன் முறை வர நாளாகும், எல்லாரும் கேக்குறாங்க" என்கிறான். நீ கவலைப்படாதே. எனக்குப் பயம் ஒன்றுமில்லை.

உன்,
வின்ஸ்

ஹார்ஷம்,
22 ஜனவரி

வின்ஸ்,

உனக்கு விளையாட்டாக இருக்கிறதா? கடிதத்தைப் படித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலித் தொட்டியை வைத்துக்கொண்டு பம்பு எதை இறைக்கும், காற்றையா? பெத் என்னைத் தூக்கி நிறுத்தி, "அந்த மனுஷன் கிடக்கட்டும்டி, நீ ஒரு வாய் சாப்பிடு" என்கிறாள். சோறா இறங்கும்?

வியாழக்கிழமை பயங்கர வடக்குக் காற்று என்று ரேடியோ சொல்கிறது. இது கண்டதும் கிளம்பு. ஆட்டு வேலியைத் திறந்துவிட்டு வா. உன் வீறாப்பை அங்கேயே விட்டுவிட்டு வா. உன்னைக் கெஞ்சுகிறேன்.

நோரீன்

சாலைத் தடுப்பருகில்,
26 ஜனவரி, வியாழன்

நோரீன், என் கண்ணே,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. பயமில்லை என்று எழுதியது பச்சைப் பொய். தொட்டியைத் தட்டிப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இன்று விடிந்ததும் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பெரிய சாலையில் புகை என்றார்கள், ஆற்றுப் பாதையில் சுற்றி வந்தேன். கிளம்பிவிட்டேன் என்று நம் வீட்டுக் கதவில் ஒரு சீட்டு எழுதி வைக்க இந்த மடையனுக்குத் தோன்றவில்லை.

ஹார்ஷத்தில் கதவைத் திறந்த பெத் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, உன்கிட்டேருந்து பதிலே வரலைன்னு, மெர்வைக் கெஞ்சிக் கூத்தாடி அவன் லாரியில அவ அங்க போயிட்டாளே!" என்றாள். சற்றுப் பொறுத்து மெர்வ் தனியாகத் திரும்பி வந்தான். "தொட்டியை நிரப்பிட்டேன் வின்ஸ். வாங்கம்மான்னு எவ்வளவோ கூப்பிட்டேன். நீ காரோட ஆட்டைப் பாக்கப் போயிருப்ப, உன்னை விட்டுட்டு வரமாட்டேன்னு உக்காந்துட்டாங்க."

உடனே காரைத் திருப்பி விரட்டி வந்தேன். சாலையை மூடிவிட்டார்கள். போலீஸ்காரப் பையன், "பெரியவரே, திரும்பிப் போங்க" என்று காரைத் தட்டுகிறான். மேட்டுப் பக்கம் வானமே சிவந்து கிடக்கிறது. போன கோடையிலிருந்து நீ பட்ட பாடு எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

தீயணைப்புக்காரர்கள் உள்ளே போகிறார்கள், அவர்களிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர்கள் வாயால் சொன்னால் நம்பமாட்டாய், என் கோணல் எழுத்தையாவது நம்பு. தொட்டி நிறைந்திருக்கிறது என்ற தைரியத்தில் நின்றுவிடாதே. வீடு போனால் போகட்டும்.

நான் அங்கே இல்லை, நோரீன். என்னைத் தேடாதே. அவர்கள் வண்டியில் ஏறு.

வின்ஸ்