போகிற வீட்டில் எழுதிக்கொள்ளலாம்

19.6.1989, திங்கள்
மாரண்டஹள்ளி

தலைமையாசிரியர் கூப்பிட்டார். ஓட்டுப்போடும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகிவிட்டது, பன்னிரண்டாம் வகுப்பில் பதினெட்டு முடிந்ததுகள் சில இருக்கும், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது பற்றி ஒரு பீரியட் எடுங்கள், நீங்கள்தானே வரலாறு டீச்சர் என்றார். வரலாறு டீச்சர் தலையில் எதையும் கட்டலாம்.

எடுத்தேன். ஏப்ரல் முதல் தேதியில் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்றதும் ஒரே சலசலப்பு. வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் தோதுக்குப் போட்ட தேதி அது. நிஜத் தேதி பெற்றவளுக்கே ஞாபகம் இருக்காது. கடைசியில் தேறியவர்கள் கொஞ்சம் பேர். அதில் நஞ்சம்மாள் ஒருத்தி. ஆடு மேய்த்துவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்கு வந்தவள், வகுப்பிலேயே மூத்தவள்.

அவள்தான் எழுந்து கேட்டாள், "உங்க பேரு எந்த பூத்துல இருக்குதுங்க டீச்சர்?"

மணி அடித்தது. நல்லவேளை.

20.6.89

தீர்த்தம் என்கிற என் பெயர் எந்த பூத்திலும் இல்லை. இங்காவது எழுதிவைக்கிறேன். வயது முப்பத்துநாலு. போன ஜனவரியில் தேர்தல் வேலைக்குப் போய் ஊரார் விரலுக்கெல்லாம் மை வைத்துவிட்டு வந்தவள்.

எனக்கு இருபத்தொன்று முடிந்த வருஷம் பெயர் எழுத வந்தவரிடம் அப்பா சொன்னார், "அவ போற வூட்டுல எழுதிக்குவா." எங்கள் பக்கம் கல்யாணமாகாத பெண்ணென்றால் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அண்ணன் பச்சியப்பன் பெயர் இருக்கிறது, அண்ணி சின்னம்மாள் பெயர் இருக்கிறது. அதே வீட்டில் அதே களி தின்கிற என் பெயர் இல்லை. நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால், இனி நான் எங்கும் போகப்போவதில்லை என்று என் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

24.6.89

காளியப்பன் சார் இருந்திருந்தால் இதையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கலாம். கணக்கு வாத்தியார். தேன்கனிக்கோட்டைக்கு மாற்றலாகிப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. தங்கை கல்யாணம் முடியட்டும், உங்கள் வீட்டில் வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அவர் நாற்காலியில் புது வாத்தியார் உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் பையன் என்ன செய்வான், பாவம்.

2.7.89, ஞாயிறு

நஞ்சம்மாளின் பெயர் சேர்ப்புப் பாரத்தில் அவள் அப்பா மாரப்பன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். நேரில் போனேன். மாரப்பன் மண்டிக்கு அனுப்பத் தக்காளியைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். தன்மையான மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"தை மாசம் கட்டிக் குடுக்கறோங்க டீச்சர். இங்க எழுதி, அப்பறம் அத அடிச்சு, அங்க எழுதி... எதுக்குங்க அலைச்சல்? போற வூட்டுலயே எழுதிக்கட்டும்."

அப்படியே என் அப்பாவின் பேச்சு. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தை வரைக்கும் அவள் யார் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டேன். அவர் ஒரு கூடையைக் கட்டி முடித்தார். பிறகு, "நீங்க எழுதியிருக்கீங்களா டீச்சர்?" என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அப்ப நீங்க எழுதுங்க. நீங்க எழுதின அன்னிக்கி நானும் எழுதறேன்."

3.7.89

எழுதிவிடலாம். அப்பா பெயரைப் போட்டு, அண்ணன் வீட்டு நம்பரைப் போட்டு. என்ன குறைந்துவிடும்?

22.7.89, சனி

தருமபுரியில் பெயர் சேர்ப்புப் பயிற்சி. மாவட்டம் முழுக்க ஆசிரியர்கள். உள்ளே நுழைந்ததுமே பின்வரிசையில் காளியப்பன் சார். காதோரம் நரைத்திருக்கிறது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன், வெட்கக்கேடு.

டீக்கடையில் நின்று பேசினோம். தங்கைக்கு இடம் தகைந்துவிட்டதாம். நான் பெயர் எழுதப்போவதைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்ப எழுதாத, தீர்த்தம். ஆவணியில அம்மாவ கூட்டிக்கிட்டு வர்றேன். எங்கூட்டுலயே எழுதிக்கலாம்."

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வீட்டைக் கற்பனை செய்தேன். நான் பார்த்ததே இல்லை. வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். முப்பத்துநாலு வயதுக்காரிக்கு வந்த ஆசையைப் பார்.

19.8.89

ஆவணி பிறந்துவிட்டது. அண்ணியிடம் சொல்லாமல் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டினேன். யாருக்கு இது என்று கேட்டாள். வெயிலுக்கு என்றேன்.

27.8.89, ஞாயிறு

வரவில்லை.

3.9.89, ஞாயிறு

வரவில்லை. நஞ்சம்மாள் பள்ளியில் என் பின்னாலேயே வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

10.9.89, ஞாயிறு

அண்ணி கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமையானால் ஏன் நல்ல சேலை கட்டுகிறாய் என்று. வெடுக்கென்று பேசிவிட்டேன். வரலாம் இல்லையா? ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பலாம் இல்லையா? கிணத்துலயா விழுந்துட்டார் இந்த மனுஷன்?

15.9.89, வெள்ளி

பெயர் சேர்க்கக் கடைசி நாள். ஆவணி நாளையோடு முடிகிறது. மத்தியானம்வரை கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிராம நிர்வாக அலுவலர் ஆபீசுக்கு நடந்தேன்.

வெளியே மாரப்பன் நின்றிருந்தார். பக்கத்தில் நஞ்சம்மாள், சீருடையோடு. காலையிலிருந்தே நிற்கிறார்களாம். "டீச்சர் வருவாங்கன்னு இவதான் ஒரே புடியா நிக்கறா" என்றார். நான் வராவிட்டால் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

பாரத்தில் தந்தை அல்லது கணவர் பெயர் என்று ஓர் இடம். அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு அப்பா பெயரை எழுதினேன். எனக்கு அடுத்து மாரப்பன் மகளுக்காகக் கையெழுத்துப் போட்டார்.

ராத்திரி சொன்னபோது அண்ணன் தலைநிமிராமல் சாப்பிட்டார். அண்ணிக்கு முகம் கோணும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவள், "இத எப்பவோ செஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

8.10.89, ஞாயிறு

அவர் வந்தார்.

தனியாகத்தான். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். தங்கை கல்யாண வேலை, அம்மாவுக்கு மூட்டுவலி, இப்போது புரட்டாசி என்பதால் பேச்சு எடுக்கக்கூடாது, தையில் கட்டாயம் வருகிறாராம். எல்லாம் நிஜமாகத்தான் இருக்கும். அண்ணன் வெளியே போனதும் நான் பெயர் எழுதியதைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அவசரப்பட்டுட்டியே, தீர்த்தம்."

அவசரம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், ஏன் என்று தெரியாமல். பரவால்ல, தையில அடிச்சிட்டு எங்கூட்டுல எழுதிக்கலாம் என்றார். தேர்தல் வருதுங்க சார், ஓட்டுப் போட்டுட்டு யோசிக்கறேன் என்றேன்.

ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பேன். பிடிக்காமலா போய்விட்டது? இல்லை. அவர் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

9.10.89

காலையில் அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள், தை மாசம் அவங்க வந்தா என்ன சொல்லட்டும் என்று.

"வரட்டும் அண்ணி. நான் இங்கதான இருக்கப்போறேன்" என்றேன்.