ஃபால்தா: மதர் சொன்ன சொல்

மார்ச் 11, செவ்வாய்

எழுந்ததும் முதலில் வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டேன். பனி. எட்டு மணிக்கும் கொடியில் ஈரம். நேற்றுக் கட்டியதையே கட்டிக்கொண்டு பள்ளிக்கு.

மத்தியானம் பரீட்சைத் தாள் கொடுக்க, கான்வென்ட் தலைவி மதரின் அறை வாசலில் நின்றேன். உள்ளே அவரும் சிஸ்டர் இனேஸும், தங்கள் ஊர் ஸ்பானிஷில். என் பெயர் காதில் விழுந்தது. "ரோசா நோஸ் அரா ஃபால்தா." என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

ஒரு வருஷமாக மதரிடம் ஸ்பானிஷ் படிக்கிறேன். பதிலுக்கு அவருக்குத் தமிழ். ஃபால்தா தெரியும், பிழை. என் டிக்டேஷன் தாளில் சிவப்பு மசியில் எழுதுவாரே, அதுதான். என்ன பிழை செய்தேன்?

பி.ஏ. உண்டு. எல்.டி. இல்லை. ஆசிரியர் பயிற்சி இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்ளக் கூடாதென்று போன மாதம் இன்ஸ்பெக்டரம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதுவாக இருக்குமோ.

மார்ச் 12, புதன்

சாயங்காலம் பாடம். சுற்றி வளைத்துக் கேட்டேன், ஃபால்தா என்றால் பிழை மட்டும்தானா?

மதருக்கு ஒரே உற்சாகம். ஆசே ஃபால்தா ஸால்: உப்பு வேணும். சின் ஃபால்தா: தவறாமல். பள்ளிக்கு வராத பெண்ணின் பெயருக்கு நேரே போடுவதும் ஃபால்தாதான். தமிழில் 'குறை' பாதிக்குப் பொருந்துகிறது. மீதிக்கு?

"ஆளைப் பற்றிச் சொன்னால், மதர்?"

கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஆள் வேணும். இல்லேன்னா, ஆள் போச்சு, மனசு கஷ்டம். ரெண்டும் சொல்லலாம்."

"எது என்று எப்படித் தெரியும்?"

"பேசறவனுக்குத் தெரியும்" என்று சிரித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

நான் வேண்டும் என்றாரா? போகப்போகிறேன், வருத்தம் என்றாரா? நேரே கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

ரேஷன் அரிசியில் பாதி கல். புழுக்கம்.

குழாயடியில் பள்ளி ஆயா மங்கம்மா. "இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்டி கீது? ராவெல்லாம் தூங்கலியா?"

"தலைவலி."

"நேத்து ஒரு அம்மா வந்துச்சே, பாத்தியா? குடையும் கையுமா. மதர் கூட சுத்திப் பாத்துக்கினு இருந்துச்சு. எல்.டி. படிச்ச அம்மாவாம். நாலாங்கிளாஸ் எதுன்னு கேட்டுச்சு, நான்தான் காட்டுனேன்."

நாலாம் வகுப்பு என்னுடையது.

ஆக, இரண்டாவது அர்த்தம். ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் இருக்க மாட்டேன், வருத்தப்படுவார்கள். மதர் நிஜமாகவே வருத்தப்படுவார். அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. வகுப்பில் காரணமில்லாமல் பிலோமினாவை அதட்டினேன். அழுதாள் பாவம்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டோடு கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போய் வந்தோம். மீன் குழம்பு. சாப்பிடும்போது சொன்னேன், வேலை போகலாம் என்று.

அண்ணன் தலை நிமிரவில்லை. "நல்லதுதான். உனக்கும் ஓய்வு."

அண்ணிக்கு முகம் மலர்ந்தது. "போனாப் போகட்டும் ரோசி. பெரியவளுக்கு மே மாசம் பிரசவம், ஆளுக்கு எங்கே போறதுன்னு கவலைப்பட்டுக்கிட்டிருந்தேன். அப்புறம் சின்னவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். நீ இல்லாம இந்த வீட்டுல ஒரு காரியம் நடக்குமா, சொல்லு?"

அன்பாகத்தான் சொன்னாள். இங்கே முதல் அர்த்தம். உப்பு மாதிரி.

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன்.

மார்ச் 15, சனி

துணி எடுக்க என்று சொல்லிவிட்டு டிராமில் திருவல்லிக்கேணி. பெண்களுக்கான பயிற்சிக் கல்லூரி. குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மகளுக்காம்மா?"

"எனக்கு."

"வயசு?"

"நாற்பத்து மூன்று."

"சேரலாம். ஹாஸ்டல்ல எல்லாம் சின்னப் பொண்ணுங்க. ராத்திரி ஒரே கூத்தா இருக்கும், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். வெளியே வந்தேன். மோர் வாங்கிக் குடித்தேன்.

துணி எங்கே என்று அண்ணி கேட்டாள். ஒன்றும் பிடிக்கவில்லை என்றேன்.

ஜூலையில் சேர்கிறேன். ஹாஸ்டலிலேயே. வேலை இல்லை என்று மதர் கூப்பிட்டுச் சொல்லும்வரை காத்திருக்க முடியாது. திங்கட்கிழமை நானே போய், படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிடுவேன். தமிழில்.